வெடிக்காத நெருப்பு

எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை போட்டிருந்தோம். கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை, பச்சைக் குழந்தையும் சொல்லக்கூடிய சொல்தான். 'வெடி' என்பது அந்தச் சொல். வெடித்தது, வெடிக்கிறது, வெடிக்கும், வெடிப்பு என்று அது எந்த வேஷத்தில் வந்தாலும் குற்றம். யார் வாயிலிருந்து வந்ததோ அவர் அன்றைக்கு வீட்டிலுள்ள பாத்திரம் அத்தனையும் கழுவ வேண்டும். சட்டம் போட்டவள் என் மனைவி. அதிகம் கழுவியவன் நான்.

கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த ஒரு சொல்லால் அவள் இரண்டு முறை தேர்வில் தோற்றாள். மூன்றாவது முறையும் தோற்றால் எஞ்சின் பக்கமே போக முடியாது என்ற நிலைமை. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் நிதானமாகச் சொல்கிறேன். அப்போது கேட்டிருந்தால் உங்கள் மேல் எரிந்து விழுந்திருப்பேன்.

எனக்கு ஸ்கூட்டர் பழுது பார்க்கும் பட்டறை. அகலம் கம்மி, நீளம் அதிகம். உள்ளே தள்ளிக்கொண்டு போன வண்டியைத் திருப்ப முடியாது, பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வர வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவதற்காகத்தான் அவள் அங்கே வந்தாள். வந்தவள் சும்மா போகவில்லை. நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏங்க, பொறி கொஞ்சம் முந்தியே விழுது போலருக்கே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பட்டறை என்னுடையது, இத்தனை வருஷத் தொழில் என்னுடையது, நேற்று வந்தவள் காதை வைத்துச் சொல்லிவிடுவாளா என்று முறைத்தேன். அவள் போன பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, பொறி விழும் நேரத்தைச் சற்றே தள்ளி வைத்தேன். வண்டி வாயை மூடிக்கொண்டு ஓடியது. அப்புறம் என்ன, கொஞ்ச நாளில் சாப்பாட்டுக் கூடையை நான் தூக்கினேன், ஸ்பானரை அவள் எடுத்தாள். வாடிக்கையாளர்கள் அவளுக்கு 'டைமிங்' என்று பெயர் வைத்தார்கள். "டைமிங் இல்லையா? சரி, நாளைக்கு வரேன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஊருக்கு வெளியே விமான எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டும் பெரிய தொழிற்கூடம் ஒன்று உண்டு. கருவி பிடித்துப் பழகியவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். "போய்ப் பாரேன்" என்று சொன்னது நான்தான். கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்னேன். கிடைத்துவிட்டது.

முதலில் எஞ்சினிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கழுவும் வேலை. அப்புறம் அளந்து பார்க்கும் வேலை. அப்புறம் பூட்டும் வேலை. அவள் கை வைத்த எதுவும் திரும்பி வந்ததில்லை என்று அங்கே பேச்சு. ஆனால் அவள் பூட்டிய எஞ்சினுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். அந்த உரிமை வேண்டுமென்றால் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளினாள். வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் இருக்கைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். விமானத்துக்குள்ளே இருக்கும் நாற்காலிகளைப் பழுது பார்க்கும் இடம் அது. மரியாதையான வேலைதான், மறுக்கவில்லை. உட்கார்கிறவனுக்கு இடுப்பு முக்கியம். ஆனால் எஞ்சினைத் தொட்டுப் பழகிய கைக்கு மெத்தையும் பெல்ட்டும் எப்படிப் பிடிக்கும்?

தேர்வு எடுத்தவர் அங்கே தலைமைப் பொறியாளராக இருக்கும் அம்மாள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார், தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். முதல் தடவை நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே நடித்துக் காட்டினாள்.

"எரி அறையில என்ன நடக்குது?"

"அமுங்கி வந்த காத்துல எரிபொருளைப் பீய்ச்சுவாங்க மேடம். பத்திக்கும். வெடிக்கும்."

"வெடிச்சா?"

"அந்த வேகத்துல டர்பைன் சுத்தும்."

"அங்க அழுத்தம் ஏறுமா, ஏறாதா?"

"ஏறும் மேடம்."

தலைமைப் பொறியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். "நீங்க இன்னும் ஸ்கூட்டர்லருந்து எறங்கலம்மா. எறங்கிட்டு வாங்க" என்றாராம்.

இரண்டாம் தடவைக்குள் அவள் படிக்காத பக்கம் இல்லை. காலையில் பல் துலக்கும்போதும் வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எரி அறையில் அழுத்தம் ஏறாது என்பதை அவள் நன்றாகவே தெரிந்துகொண்டாள். ஆனால் தெரிந்தது மூளைக்கு. நாக்கு பட்டறையில் வளர்ந்த நாக்கு அல்லவா? அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை நாங்கள் பேசுவது என்ன? வெடிக்குதா, வெடிக்கலையா, ஒழுங்கா வெடிக்குதா, சைலன்சர்ல வெடிக்குதா. தேர்வு அறையில் போய் உட்கார்ந்து, "பத்திக்கும், வெடிக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னவுடன் "இல்ல இல்ல" என்று பதறி, பதற்றத்தில் பின்னால் இருக்க வேண்டிய டர்பைனைக் கொண்டுபோய், காற்றை அமுக்கும் கம்ப்ரஸருக்கு முன்னால் வைத்து, எல்லாம் கந்தரகோளமாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தைக்கா? ஒரே ஒரு வார்த்தைக்கா ஃபெயில் போடுவாங்க? நான் வந்து அந்தம்மாகிட்ட பேசறேன்."

"நீங்க வந்தா அங்க நிஜமாவே ஒண்ணு வெடிக்கும். சும்மா இருங்க."

"அப்ப அந்தம்மா செஞ்சது சரிங்கறியா?"

"சரிதாங்க. உங்களுக்குப் புரியாது. குடும்ப நாள் வருதுல்ல, அன்னிக்கு வாங்க, காட்டறேன்."

தொழிற்கூடத்தில் ஊழியர் வீட்டாரை உள்ளே விட்டுச் சுற்றிக் காட்டும் நாளுக்குத்தான் அந்தப் பெயர். போனேன். சண்டை போடுகிற முகத்தோடுதான் போனேன். பயிற்சிக் கூடத்தின் நடுவில் இரும்புத் தாங்கியின் மேல் ஒரு எஞ்சினை நீளவாக்கில் பிளந்து வைத்திருந்தார்கள். முன் பாதி நீலம், பின் பாதி சிவப்பு. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"சிலிண்டர் எங்க?" என்றேன்.

"கிடையாது."

"பிஸ்டன்?"

"அதுவும் கிடையாது."

"அப்ப இது எஞ்சினே இல்ல. மேஜை ஃபேனுக்குப் பெரியண்ணன்."

அவள் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து எஞ்சினின் முன்வாய்க்கு நேராக நிறுத்தினாள். உருண்டையான உதடு, அதற்குள்ளே என் உயரத்துக்கு ஒரு விசிறி.

"இது வாய். சும்மா ஓட்டைன்னு நெனைக்காதீங்க. உள்ள வர்ற காத்து சுழி இல்லாம ஒரே சீரா வரணும், அதுக்குத்தான் உதடு இப்படி இருக்கு. அடுத்தது விசிறி. வர்ற காத்துல பெரும்பகுதி விசிறியைத் தாண்டினதும் வெளிச்சுத்தாவே பின்னாடி போயிரும். தீயோட முகத்தையே பாக்காது. விமானத்தைத் தள்றதுல பெரிய பங்கு அந்தக் காத்துக்குத்தான்."

"அப்ப உள்ள இருக்கற சாமானெல்லாம் எதுக்கு?"

"இந்த விசிறியச் சுத்தறது யாரு? உள்ள இருக்கறதுதான். வாங்க."

கம்ப்ரஸர் பக்கம் வந்தோம். சுழலும் பிளேடு ஒரு வரிசை, அசையாமல் நிற்கும் பிளேடு ஒரு வரிசை, மறுபடி சுழலுவது, மறுபடி நிற்பது என்று போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசை பிளேடு என் முன்கை நீளம். பின்னால் போகப் போகக் குட்டையாகி, கடைசி வரிசை சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"சுத்தறது காத்தைப் பிடிச்சுப் பின்னாடி விரட்டும். நிக்கறது அந்த வேகத்தைக் கொறச்சு அழுத்தமா மாத்தி, நேராக்கி, அடுத்த வரிசை கையில குடுக்கும். அமுங்க அமுங்கக் காத்துக்கு இடம் கம்மியாப் போதும்ல, அதான் பிளேடு சின்னதாகுது. கடைசிக்கு வர்றப்ப தீயே இல்லாம காத்து கொதிச்சுக்கிட்டிருக்கும்."

"தீ இல்லாம எப்படி?"

"சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு சுடுமே."

அது எனக்குப் புரிந்தது. பம்பு எத்தனையோ தடவை என் கையைச் சுட்டிருக்கிறது. கம்ப்ரஸர் முடிகிற இடத்தில் வழி சற்றே அகலமாவதை அவள் விரலால் தடவிக் காட்டினாள்.

"இங்க காத்து கொஞ்சம் நிதானிக்கும். இந்த எஞ்சின்லயே அழுத்தம் உச்சமா இருக்கற எடம் இதுதான். நல்லாப் பாத்துக்கங்க. எரி அறை இல்ல. இது."

அதற்கு அடுத்ததுதான் எரி அறை. நான் கனத்த இரும்பை எதிர்பார்த்தேன். இருந்ததோ மெல்லிய தகடு, அதிலும் மேலெல்லாம் ஓட்டை. சாம்பார்க் கரண்டியில் ஓட்டை போட்டால் சண்டைக்கு வருகிற வீட்டில் பிறந்தவன் நான், நெருப்பு அடைத்து வைக்கிற பெட்டியில் ஓட்டையா என்று கேட்டேன்.

"எரியறதுக்குக் கொஞ்சம் காத்துதான் வேணும். மீதி இந்த ஓட்டை வழியா நுழைஞ்சு, தீ சுவத்துல படாம நடுவுலயே பிடிச்சு வச்சிருக்கும். அப்புறம் அதோடயே கலந்து, டர்பைன் தாங்கற அளவுக்குச் சூட்டைக் கொறைக்கும்."

"பிளக் ஒண்ணு ரெண்டுதானே இருக்கு? அது பொறி அடிச்சுக்கிட்டே இருக்க வேணாமா?"

"ஆரம்பத்துல பத்த வச்சாப் போதும். கேஸ் அடுப்பை நிமிஷத்துக்கு ஒரு தரமா பத்த வைக்கறோம்? எரிஞ்சுக்கிட்டே இருக்குல்ல. உங்க ஸ்கூட்டர்ல ஒரே அறையில நாலு வேலை, முறை வச்சு நடக்குது. இழுக்கறது, அமுக்கறது, கொளுத்தறது, வெளிய தள்றது. இங்க ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை. எல்லாம் ஒரே நேரத்துல, நிக்காம."

நான் எஞ்சினை முன்னும் பின்னும் பார்த்தேன். ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. ஸ்கூட்டரில் வெடிக்கும்போது வால்வு மூடியிருக்கும். இங்கே கதவே கிடையாது.

"ஏன்டி, தீக்கு முன்பக்கமும் தெறந்திருக்கு, பின்பக்கமும் தெறந்திருக்கு. அது ஏன் முன்பக்கமா வராது?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "இதத்தாங்க அந்த மேடம் சுத்திச் சுத்திக் கேட்டாங்க! காத்து அழுத்தம் அதிகமா இருக்கற எடத்துலருந்து கம்மியா இருக்கற எடத்துக்குத்தான் போகும். கம்ப்ரஸர் முடியற எடத்துல உச்சம். எரி அறையில அதைவிடக் கொஞ்சம் கம்மி. டர்பைன்ல இன்னும் கம்மி. அதான் எல்லாம் பின்னாடியே போகுது. இப்ப எரி அறை வெடிச்சு அங்க அழுத்தம் ஏறிச்சுன்னு வைங்க?"

"திரும்பி முன்னாடி பாயும்."

"பாயும். கம்ப்ரஸரால காத்தைப் பின்னாடி தள்ள முடியாமப் போனா நிஜமாவே அப்படி நடக்கறதுண்டு. பிளேடு அடிபட்டிருந்தாலோ, வாய்ல வர்ற காத்து தாறுமாறா வந்தாலோ. டமால்னு சத்தம் வரும், முன்வாய் வழியா தீ எட்டிப் பாக்கும், எஞ்சினே குலுங்கும். அது நோய்ங்க. நல்லா இருக்கற எஞ்சினைப் பாத்து 'வெடிக்கும்'னு நான் சொன்னா, நோயைப் போய் ஆரோக்கியம்னு சொன்ன மாதிரி. என்னை நம்பி எப்படிக் கையெழுத்துப் போட விடுவாங்க?"

தலைமைப் பொறியாளர் மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்ப அந்தத் தீ என்னதான் செய்யுது?"

"சூடாக்கும். சூடான காத்து விரியும். விரிஞ்சதுக்கு இடம் வேணும், வழி பின்னாடி மட்டும்தான், ஓடும். அவ்வளவுதான் அதோட வேலை. சத்தம் போடாம சூடாக்கறது."

அங்கிருந்து டர்பைனுக்கு வந்தோம். நிற்கும் பிளேடுகள் காற்றைச் சரியான கோணத்தில் திருப்பி விடுகின்றன, சுழலும் பிளேடுகள் அந்த அடியை வாங்கிக்கொண்டு சுற்றுகின்றன. கம்ப்ரஸரில் சிறுத்துக்கொண்டே போன பிளேடுகள் இங்கே பெருத்துக்கொண்டே போயின, காற்று விரிகிறதல்லவா. ஒவ்வொரு பிளேடிலும் ஊசி குத்தியது போல ஓட்டைகள். உலோகம் உருகிவிடக்கூடிய சூட்டில் அது நிற்க வேண்டுமாம். கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சம் காற்றைத் திருப்பி, அந்த ஓட்டை வழியாக விட்டு, பிளேடுக்கு மேலே போர்த்திவிடுகிறார்கள். டர்பைனின் நடுவிலிருந்து ஒரு தண்டு முன்பக்கம் வரை ஓடியது. அதற்குள்ளேயே இன்னொரு தண்டு.

"இங்க சுத்தறதுதான் அங்க கம்ப்ரஸரையும் விசிறியையும் சுத்துது" என்றாள்.

"அப்ப சம்பாதிச்சதுல பெரும்பாதி மறுபடி காத்தை அமுக்கவே போயிருமா?"

"நம்ம குடும்பம் மாதிரிதாங்க. மிச்சம் இருக்கறது இந்தக் கடைசிக் குழாய்ல போகும். குறுகலாக்கி வச்சிருக்காங்க பாருங்க, அதுல வேகம் எடுத்துப் பின்னாடி பீறிட்டுப் போகும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தடையை அவள் அறிவித்தாள். நாக்கைத் திருத்த வேண்டுமென்றால் காதைத் திருத்த வேண்டும், காதில் அந்தச் சொல்லே விழக்கூடாது என்பது அவள் கட்சி. தன் கையெழுத்துப் போட்ட எஞ்சின் ஒன்று ஓடும் வரைக்கும் தடை நீடிக்கும் என்றும் சொன்னாள். நான் சரியென்று தலையாட்டினேன். எவ்வளவு பெரிய வம்பை விலைக்கு வாங்குகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் மாட்டியது என் அம்மா. அம்மாவுக்குக் குதிகால் பிளந்திருக்கும். "இந்தக் கால் வெடிப்புக்கு எண்ணெய் எங்கம்மா வச்சே?" என்று மருமகளைக் கேட்டாள். மருமகள் பாத்திரம் துலக்கும் நாரை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"கால்ல இருக்கறதை வேற எப்படிடா சொல்றது?"

"விரிசல்னு சொல்லுங்கத்தை" என்றாள் அவள்.

"சுவருக்குத்தான் விரிசல் விடும். எனக்கா?"

ஆனால் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு, அடுத்தவர் எப்போது மாட்டுவார் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். தலைவலி வந்தபோது "எனக்குத் தலையே..." என்று ஆரம்பித்து நான் கடைசி நொடியில் வாயை மூடினேன். பட்டறையில் கிடந்த பழைய டயர் ட்யூபைப் பற்றிப் பேசும்போது மூட மறந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கோபக்காரர், அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு ஆபத்து. வாடிக்கையாளர் யாராவது தொலைபேசியில் "சைலன்சர்ல டப்பு டப்புன்னு..." என்று இழுத்தால், "தெரியும் தெரியும், கொண்டு வாங்க" என்று பதறிக்கொண்டு வைத்துவிடுவேன். அவர்கள் நான் திருந்திவிட்டதாக நினைத்தார்கள்.

அவள் மட்டும் மாட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் மாட்டினால் பாத்திரத்தோடு போகும். அந்த அறையில் மாட்டினால்?

மூன்றாவது தேர்வு நாளன்று பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். "நீங்க எதுக்கு?" என்றாள். "சும்மா, ஸ்கூட்டரை வெளியவே நிறுத்தி வச்சிருக்கேன், நீ எறங்கிட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லத்தான்" என்றேன். சிரித்துவிட்டு, என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனாள். கை சில்லென்று இருந்தது.

தேர்வு அறைக்கும் நடைக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். எனக்கு ஒரு பெஞ்சு கிடைத்தது. அறைக்குள் தலைமைப் பொறியாளர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர், எதிரே இவள். பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் மனைவிக்குக் கையைக் கட்டிப்போட்டால் பேச வராது. அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கையையும் அகல விரித்து ஒரு வட்டம் போட்டாள். விசிறி, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வலது கை வெளிச்சுற்றாக வழித்துக்கொண்டு போனது. அது தீயின் முகம் பார்க்காத காற்று. பிறகு ஒரு கை சுழன்றது, மறு கை நின்றது, சுழன்றது, நின்றது, இரண்டு உள்ளங்கையும் மெல்ல மெல்ல நெருங்கிக்கொண்டே வந்தன. கம்ப்ரஸர். நெருங்கிய கைகள் கொஞ்சம் விலகின. அழுத்தம் உச்சமாக இருக்கும் இடம். அடுத்தது எரி அறை. பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

பொறியாளர் ஏதோ கேட்டார். இவள் வாயைத் திறந்தாள். மேல்பல் கீழுதட்டைத் தொட்டதைக் கண்ணாடி வழியாக நன்றாகவே பார்த்தேன். அது எந்த எழுத்து என்று எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பாத்திரம் கழுவியிருக்கிறேன்! கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். முடிந்தது, எல்லாம் முடிந்தது, இனி இருக்கைப் பிரிவுதான் என்று நினைத்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கைகள் மறுபடி அசைந்தன. மெல்ல விரிந்து, பின்பக்கமாக ஓடின. சுழன்றன. டர்பைன். ஒரு கை நடுவே நீண்டு முன்பக்கத்துக்கு வந்தது. தண்டு. கடைசியில் இரண்டும் குவிந்து நீண்டன. குழாய். பொறியாளர் இன்னொன்று கேட்டார். இந்தத் தடவை அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள், இரண்டு கையையும் முகத்தை நோக்கிச் சடாரென்று கொண்டுவந்து காட்டினாள். பொறியாளர் பேனாவை எடுத்தார். மூடவில்லை, எழுதினார்.

வெளியே வந்தவள் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வந்துருச்சுங்க. 'வெ'ன்னு வாய்ல வந்துருச்சு."

"பாத்தேன்."

"செத்தேன்னு நெனச்சேன். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. அப்படியே பிடிச்சுக்கிட்டு, 'வெ... வெப்பம் ஏறும் மேடம், அழுத்தம் ஏறாது'ன்னு முடிச்சுட்டேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'வெடி'க்கும் 'வெப்ப'த்துக்கும் முதலெழுத்து ஒன்றாக இருக்கும்படி இந்த மொழியைச் செய்து வைத்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த நடையிலேயே நின்று வாழ்த்தினேன்.

"அப்புறம் என்னமோ கேட்டாங்களே?"

"'எப்பவாவது வெடிக்குமா?'ன்னு கேட்டாங்க. 'காத்து பின்னாடி போக முடியாமத் திரும்பினா வெடிச் சத்தம் கேக்கும் மேடம், அப்ப அந்த எஞ்சினுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்'னு சொன்னேன். 'அந்த வார்த்தைக்கு எடம் அதுதாம்மா. எறங்கிட்டீங்க'ன்னாங்க."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்தப் பக்கமாகப் போன ஒருவர் தோற்றுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, "பரவாயில்லம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அழுகை நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சேதி கேட்டதும் மருமகளைக் கட்டிக்கொண்டு, முதல் வேலையாக, "இனிமே என் குதிகாலை அதோட சொந்தப் பேர்ல கூப்பிடலாமா?" என்றாள்.

"இன்னும் இல்லத்தை. ஒரு எஞ்சின் ஓடட்டும்."

ஓடியது. கொஞ்ச நாள் பொறுத்து, அவள் கையெழுத்தோடு முதல் எஞ்சின் சோதனைக் கூடத்துக்குப் போனது. தடித்த சுவர்களுக்கு நடுவே எஞ்சினைக் கட்டி வைத்து முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிற இடம் அது. அன்று சாப்பாட்டுக் கூடையோடு நான் வேலிக்கு வெளியே நின்றேன். முதலில் ஒரு சீழ்க்கை போலக் கிளம்பியது, அப்புறம் கனத்த இரைச்சல், காலடியில் தரை அதிர்ந்தது. பட்டறைக்காரனுக்குச் சத்தத்தில் குறை கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு இடத்தில்கூட விக்கவில்லை, இருமவில்லை. ஏறி, நின்று, இறங்கி, அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவள் காதுக்கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் நடை ஓட்டமானது. வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"வெடிக்கலைங்க" என்றாள்.

"பாத்திரம் உன் முறை" என்றேன்.

எஞ்சின் ஓடித் தடை தீர்ந்துவிட்டிருந்தும், அன்றைக்கு அத்தனை பாத்திரத்தையும் அவளே கழுவினாள். அம்மா உதவிக்கு எழுந்தபோதும் விடவில்லை. குழாயடியில் நின்று தேய்த்துக்கொண்டே, வெடிக்கல, வெடிக்கல, வெடிக்கவே இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.